பிஜியிலிருந்து ஓபுவா வரை: சொந்தப் படகில் நியூசிலாந்துக்குள் நுழைவது எப்படி

நியூசிலாந்தின் வட கோடியில், ஓபுவா என்ற சின்ன ஊரில், தண்ணீரின் நடுவே ஒரு மிதவை மேடை இருக்கிறது. கரை கண்ணுக்கெதிரே தெரியும். படகுகள் நிறுத்தும் மரீனாவில் ஆட்கள் காபிக் கோப்பையோடு நடமாடுவது தெரியும். ஆனால் மேடையிலிருந்து கரைக்குப் பாலம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து அங்கே வரும் ஒவ்வொரு படகும் முதலில் இந்த மேடையில்தான் கட்ட வேண்டும். அதிகாரிகள் சிறு படகில் நம்மைத் தேடி வருவார்கள்; நாம் அவர்களைத் தேடிப் போகக் கூடாது. ஊர்க்காரர்கள் இதைக் 'கியூ டாக்' என்பார்கள். கியூ என்றால் குவாரண்டைன்.

ஓர் அக்டோபர் கடைசியில் 40 அடிப் பாய்மரப் படகு ஒன்றில், பிஜியிலிருந்து 9 நாள் கடலில் வந்து அந்த மேடையில் கயிறு கட்டினோம். படகு மலேசியப் பதிவு. ஓட்டியவர் பினாங்குக்காரர், அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவோம். இருவருக்கும் மலேசிய பாஸ்போர்ட். லண்டனில் பிறந்த ஈழத்துத் தம்பி ஒருவன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். நான் தூத்துக்குடி, இந்திய பாஸ்போர்ட். ஒரே படகில் மூன்று விதச் சட்டம். அதனால்தான் இதை எழுத நினைத்தேன்.

மேடையில் எங்கள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கான வேலை பிஜியில் ஆறு வாரம் நடந்தது. முதல் முறை வருகிறவர்கள் அதிகாரியிடம் என்ன பேசுவது என்றுதான் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது படகின் அடிப்பாகத்தையும் அடுக்களையையும்தான்.

எப்போது, எங்கே

தென் பசிபிக்கில் புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அதனால் பிஜி, டோங்கா பக்கம் சுற்றும் படகுகள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் தெற்கே இறங்கும். நவம்பர் பிறப்பதற்குள் வெப்பமண்டலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று சில காப்பீட்டு ஒப்பந்தங்களிலேயே நிபந்தனை இருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள்.

பிஜியிலிருந்து ஓபுவா ஆயிரம் கடல் மைலுக்குச் சற்று மேல். ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும். வழியில் மினெர்வா என்ற பவளத்திட்டு இருக்கிறது. நிலமே இல்லாமல், நடுக்கடலில் ஒரு வளையம். தெற்கே காற்று மோசமாக இருந்தால் பலர் அதற்குள் நங்கூரம் போட்டுக் காத்திருப்பார்கள். நாங்களும் ஒன்றரை நாள் காத்திருந்தோம்.

நினைத்த இடத்தில் கரை ஏற முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் படகு முதலில் தொடுவதற்கென்று அனுமதிக்கப்பட்ட துறைமுகங்கள் உண்டு. சிறு படகுகளுக்கு ஓபுவா, வாங்கரேய் பக்கம் மார்ஸ்டன் கோவ், ஆக்லாந்து, டவ்ராங்கா போன்றவை வழக்கமானவை. ஓபுவா வடக்கே முதலில் வருவதால் கூட்டம் அங்கேதான். முதல் தடவை என்றால் அங்கேயே போங்கள். பருவத்தில் அந்த அதிகாரிகள் படகுக்காரர்களைத்தான் விடிந்தது முதல் பார்க்கிறார்கள். நம் குழப்பம் எதுவும் அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

படகின் அடிப்பாகம்

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2018 மே மாதத்திலிருந்து, நியூசிலாந்துக்கு வரும் எல்லாக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் அடிப்பாகம் சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பது கட்டாயம். 21 நாளோ அதற்கு மேலோ தங்கும் படகு என்றால் விதி இன்னும் கடுமை: வழவழவென்ற பாசிப் படலம் இருக்கலாம், நடுக்கடலில் ஒட்டிக்கொள்ளும் காம்புள்ள கொட்டலசு (பார்னக்கிள் என்ற ஒட்டுயிர்) இருக்கலாம், வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஓட்டுக் கொட்டலசு, சிப்பி, கடற்பாசிக் கொத்து, குழாய்ப் புழு எதற்கும் இடமில்லை. புயல் காலத்தைக் கழிக்க வருகிறவர் எப்படியும் மாதக்கணக்கில் தங்குவார். ஆகவே கடுமையான விதிதான் நமக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. மத்தியதரைக் கடல் விசிறிப்புழு என்று ஒன்று படகுகளில் ஒட்டிக்கொண்டே நியூசிலாந்துத் துறைமுகங்களுக்குள் பரவி, சிப்பி வளர்ப்பவர்களுக்குத் தலைவலியாகிவிட்டது. வந்த பிறகு ஒழிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதால் வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

விதியைப் பூர்த்தி செய்ய மூன்று வழி. ஒன்று, வந்து சேரும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் அடிப்பாகத்தை முழுக்கச் சுத்தம் செய்திருப்பது. இரண்டு, பாசி ஒட்டாத பெயின்ட் காலாவதியாகாமல், ஒழுங்காகப் பராமரித்து வருவதற்கான பதிவேடு வைத்திருப்பது. மூன்று, வந்த 24 மணி நேரத்துக்குள் அனுமதி பெற்ற பட்டறையில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க முன்பதிவு செய்திருப்பது. என் யோசனை: முதல் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். மூன்றாவது வழி காகிதத்தில் சுலபம். ஆனால் காற்று நம்மை இரண்டு நாள் தாமதப்படுத்தினால் பட்டறையில் நம் இடம் போய்விடும், செலவும் நியூசிலாந்து விலையில் வரும்.

நாங்கள் பிஜியில் படகைத் தூக்கி, அழுத்தத் தண்ணீர் அடித்து, புது பெயின்ட் பூசினோம். இறக்கியபின், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு தம்பி முகமூடியோடு இறங்கி இன்னொரு தடவை துடைத்தான். தட்டையான பகுதி யாருக்கும் பிரச்சினை இல்லை. மூலை முடுக்குதான் பிரச்சினை. சுக்கானுக்கும் படகுக்கும் இடையே உள்ள சந்து, புரொப்பல்லரும் அதன் தண்டும், கடல்நீர் உள்ளே இழுக்கும் துளைகளின் உட்புறம், தூக்கி வைக்கும்போது கட்டைமேல் உட்கார்ந்திருந்ததால் பெயின்ட் படாத கீலின், அதாவது படகின் அடியில் நீண்டிருக்கும் கனமான பகுதியின், அடிவிளிம்பு. இந்தக் கடைசி இடம் எல்லோரும் மறப்பது. பட்டறைக்காரரிடம், படகைப் பட்டையில் தொங்கவிட்டிருக்கும்போது அரை மணி நேரம் கொடுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் அந்த அடிவிளிம்புக்கும் பெயின்ட் பூசிவிடலாம். நங்கூரச் சங்கிலியும் அது கிடக்கும் பெட்டியும்கூடக் கணக்கில் உண்டு. காய்ந்த சேறு இருக்கக் கூடாது.

அப்புறம் ஆதாரம். சொன்னால் போதாது, காட்ட வேண்டும். ஒவ்வொரு மூலையையும் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுங்கள். பெயின்ட் வாங்கிய பில், பட்டறை ரசீது எல்லாம் ஒரு உறையில் இருக்கட்டும். எங்களுக்குப் பட்டறையில் கொடுத்த ரசீதில் தேதியே இல்லை. தொகை மட்டும் அழகாக எழுதியிருந்தது. அண்ணி மட்டும் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நடுக்கடலில்தான் தெரிந்திருக்கும். பஸ் பிடித்துத் திரும்பிப் போய், தேதி, படகின் பெயர், செய்த வேலை மூன்றையும் எழுத வைத்து வாங்கி வந்தோம். அரை நாள் போயிற்று, போகட்டும். அழுக்குப் படகு என்று முடிவானால் உங்கள் செலவில் தூக்கச் சொல்வார்கள், அல்லது திரும்பிப் போகச் சொல்வார்கள். தெற்கே 9 நாள் வந்த பிறகு அதைக் கேட்க யாரால் முடியும்?

ஆட்களின் தாள்கள்

ஓபுவாவில் குடிநுழைவு வேலையையும் சுங்க அதிகாரியே பார்த்துவிடுவார். மேடையில் நின்று விசா வாங்கலாமா என்றால், அது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது.

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. 3 மாதம் தங்க அனுமதி கிடைக்கும். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு 6 மாதம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வருகையாளர் விசாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கடலில் வருவதால் சலுகை எதுவும் இல்லை. விசா இல்லாத ஆளை ஏற்றி வந்தால் அது அந்த ஆளோடு முடியாது; கேப்டன் தலையிலும் விழும். அதனால் கூட வருகிறவர்களின் விசாவை அண்ணன் எங்களிடம் வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார். எனக்கு முதலில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிறகு புரிந்தது.

இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு சொல். விசாவில் 'இந்தத் தேதிக்குள் முதல் முறை நுழைய வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். விமானத்தில் போகிறவர் அதைக் கவனிப்பதே இல்லை. படகில் போகிறவருக்கு அதுதான் உயிர்நாடி. காற்றுக்காகப் பத்து நாள் பிஜியில், மூன்று நாள் மினெர்வாவில் என்று இழுத்துக்கொண்டே போகும். திட்டமிட்ட நாளுக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதமாவது இடைவெளி இருக்கும்படி விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்திலேயே படகில் வருகிறேன் என்று எழுதி, கேப்டனின் கடிதம், படகின் பதிவுச் சான்று நகல் இரண்டையும் இணைத்தேன்.

செலவுக்குப் பணம் இருப்பதாகவும் காட்ட வேண்டும். பொதுக் கணக்கு, தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1000 நியூசிலாந்து டாலர்; தங்குமிடச் செலவு ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால் 400. படகோடு திரும்பிப் போகிற கேப்டனுக்கு அந்தப் படகே திரும்பும் வழி. ஓபுவாவில் இறங்கிக்கொள்கிற என்னைப் போன்றவர் விமான டிக்கெட் காட்டத் தயாராக இருக்க வேண்டும். நான் தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுத்திருந்தேன். கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் காற்றோடு யார் தேதி பேசுவது?

பிஜியை விட்டுக் கிளம்புவது

நியூசிலாந்து கேட்கும் முதல் தாள்களில் ஒன்று, கடைசி நாட்டிலிருந்து முறைப்படி வெளியேறிய சான்று. பிஜியில் சுவா, லவ்டோகா, சவுசவு, லெவுகா ஆகியவை நுழைவுத் துறைமுகங்கள். சுங்கமும் குடிநுழைவும் முடித்து, 'அடுத்த துறைமுகம்: ஓபுவா, நியூசிலாந்து' என்று எழுதிய சான்றை வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் தாமதிக்காமல் கிளம்பிவிட வேண்டும். வழியில் ஏதாவது தீவில் ஒரு நாள் நிற்கலாம் என்ற ஆசை கூடாது. அதனால் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்கே போக வேண்டும். விமானத்தில் பிஜி வந்து படகில் சேர்ந்தவர்களின் பெயர் ஆட்பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வந்தது விமானத்தில், போவது படகில். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

கிளம்புவதற்கு முன்பே நியூசிலாந்துச் சுங்கத்துக்கு முன்னறிவிப்புப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அதன் எண் 340. சட்டப்படி வந்து சேர்வதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் நடுக்கடலில் செயற்கைக்கோள் இணைப்பில் படிவம், படம் எல்லாம் ஏற்றிக்கொண்டிருப்பது தேவையில்லாத வேலை. படகின் விவரம், கடைசியாகத் தொட்ட துறைமுகங்கள், ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரம், வந்து சேரும் உத்தேச நேரம், அடிப்பாகச் சுத்தத்தின் ஆதாரம் எல்லாம் இதில் போகும். படங்களைச் சிறிதாக்கி, நான்கு ஐந்தாகப் பிரித்து அனுப்பினோம். கிடைத்தது என்று பதில் வரும். பதில் வரவில்லை என்றால் போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புங்கள்.

உத்தேச நேரம் மாறும். மாறினால் கடலிலிருந்து ஒரு சின்னச் செய்தி போதும். ஆனால் எந்த ஊர் மணி என்று எழுதுங்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் நியூசிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். பிஜியைவிட அவர்கள் ஒரு மணி முன்னால் இருப்பார்கள். நாங்கள் படகின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 'காலை 9' என்று அனுப்பினோம். அது பிஜி மணி. ஒன்றும் கெடவில்லை, ஆனால் வந்த அதிகாரி முதலில் கேட்டதே அதைத்தான்.

அடுக்களை

இது தமிழ் ஆட்கள் உள்ள படகுக்குத் தனி அத்தியாயம்.

உயிர்ப்பாதுகாப்பு அதிகாரி சுங்கத்திலிருந்து வேறு. முதன்மைத் தொழில்கள் அமைச்சிலிருந்து வருவார். அவருக்கு நம்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவர் தேடுவது பூச்சி, விதை, நோய்க்கிருமி. பச்சைக் காய்கறி, பழம், முட்டை, இறைச்சி, தேன், தொட்டிச் செடி எல்லாம் போய்விடும். தேன் விஷயத்தில் பேச்சே கிடையாது. சீல் உடைக்காத புட்டியானாலும் போகும். மண்ணில் போட்டால் முளைக்கும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கறிவேப்பிலையைப் பற்றிக் கேளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்புகிற பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடி பிடித்தமான வீடு. பச்சை இலை ஒரு இணுக்கு என்றாலும் அவர்களுக்கு அது ரசத்துக்குப் போடும் இலையாகத் தெரியாது. பிஜியில் நாடி ஊர்ச் சந்தையில் கறிவேப்பிலை கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் 1903 முதல் கப்பலேறிப் போன ஊராயிற்றே. அண்ணி இரண்டு கட்டு வாங்கினார். ஒன்றை வழியிலேயே தாளித்துத் தீர்த்தோம். இன்னொன்றை, ஓபுவாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அலையில் வாணலியைப் பிடித்துக்கொண்டு எண்ணெயில் நன்றாக வறுத்து உளுந்தோடு பொடி செய்துவிட்டார். அந்தப் பொடி தப்பியது.

திட்டம் எளிது: கிளம்பும்போதே 10 நாளுக்கான பச்சைச் சாமான் மட்டும் ஏற்றுங்கள். கடைசி மூன்று நாள் இருப்பதைத் தீர்க்கிற சமையல். மிஞ்சிய காய்கறியை வேகவைத்துவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. முட்டை, இறைச்சிக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு வெளியே இருக்கும்போது தோல், கழிவு எல்லாவற்றையும் கடலில் போட்டுவிடலாம். பிளாஸ்டிக்கை எங்கேயும் போடக் கூடாது. உள்ளே வந்த பிறகு வெங்காயத் தோலைக்கூடத் தண்ணீரில் போடக் கூடாது. அது ஒரு பையில் கட்டி அதிகாரியிடம் போக வேண்டிய குப்பை.

பருப்பு, அரிசி, கடுகு, மிளகு, புளி, ஊறுகாய் எல்லாம்? அறிவிப்புப் படிவத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதிக் கொடுத்த பொருளுக்கு அபராதம் இல்லை. அதிகபட்சம் அது போகும். எழுதாமல் விட்டது கண்டுபிடிக்கப்பட்டால் நின்ற இடத்தில் 400 டாலர். கடைப் பெயர், பொருள் பெயர் அச்சிட்ட பொட்டலத்திலேயே வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். நம் வீட்டுப் பழக்கப்படி எல்லாவற்றையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைத்திருந்தால் ஒவ்வொன்றும் என்ன என்று பாடம் நடத்த வேண்டும். எங்கள் துவரம்பருப்பு டப்பாவைத் திறந்து, டார்ச் அடித்து, கையுறை போட்ட விரலால் மெதுவாகக் கிளறினார் அதிகாரி. வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லை. மூடி வைத்தார். அடுத்த டப்பாவில் முழுப் பச்சைப்பயறு, அது போயிற்று.

நாடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலில் கிளம்பும் முன் அர்ச்சனை செய்து தேங்காய் மூடியும் பூவும் கொண்டுவந்திருந்தோம். பூ நடுக்கடலில் போயிற்று, தேங்காய் சட்னியாயிற்று. திருநீற்றுப் பொட்டலம் மட்டும் இருந்தது. 'சாம்பல், வழிபாட்டுக்கு' என்று எழுதியிருந்தேன். பிரித்துப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

உணவு தவிர: மண் ஒட்டிய செருப்பு, மலையேறும் பூட்ஸ், சைக்கிள், கூடாரம், மீன்பிடிக் கருவி எல்லாவற்றையும் பிஜியிலேயே கழுவிக் காய வைத்துவிடுங்கள். மரச் செதுக்கு வேலைகளில் பட்டையோ பூச்சித் துளையோ இருக்கக் கூடாது. பவளத்தைப் பொறுக்கி வராதீர்கள். அருகிவரும் உயிரின ஒப்பந்தத்தின் கீழ் சான்று கேட்பார்கள். படகில் எறும்பு, கரப்பான், பல்லி இருக்கிறதா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நாய், பூனை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை நம்பாதீர்கள். அது பல மாதம் முன்பே நேராக அமைச்சோடு எழுதி முடிக்க வேண்டிய தனி விவகாரம்.

கடைசி 12 மைல்

நியூசிலாந்துக் கடல் எல்லைக்குள் நுழையும்போது மஞ்சள் கொடி ஏறியிருக்க வேண்டும். 'எங்களை இன்னும் சோதிக்கவில்லை' என்பது அதன் பொருள். கேப் பிரெட் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, நடுவே ஓட்டை விழுந்த பாறைத் தீவை இடப்பக்கம் விட்டு உள்ளே வந்தால் தீவுகள் நிறைந்த விரிகுடா. ஒவ்வொரு வளைவும் 'இங்கே ஒரு இரவு நங்கூரம் போடேன்' என்று கூப்பிடும். போடாதீர்கள். நேராக ஓபுவா. வேறு படகை அருகே சேர்க்கக் கூடாது, தெரிந்தவர் ரப்பர் படகில் வந்து பீர் நீட்டினாலும் வாங்கக் கூடாது. உண்மையிலேயே ஆபத்து என்றால் எங்கும் ஒதுங்கலாம். ஆனால் உடனே விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் அலைவரிசையில் சொல்லிவிட்டு, யாரும் கரையில் கால் வைக்காமல் இருக்க வேண்டும்.

பகலில் வந்து சேரும்படி வேகத்தைச் சரிசெய்யுங்கள். இரவில் மேடையில் கட்டலாம், ஆனால் காலையில்தான் ஆள் வருவார்கள். வெரோனிகா கால்வாயில் ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் நீரோட்டம் நன்றாக இழுக்கும். களைத்த ஆட்கள், இருட்டு, குறுக்கே ஓடும் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் 9 நாள் பயணத்தில் வராத கீறல் கடைசி நிமிடத்தில் விழும். நீரோட்டத்துக்கு எதிராக முகம் திருப்பிக் கட்டுங்கள்.

மேடையில்

இப்போது செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மேடையில் இறங்கிக் கால் நீட்டலாம். அங்கேயே இருக்க வேண்டும். பக்கத்துப் படகுக்காரரோடு பேசலாம், பண்டம் மாற்றக் கூடாது.

சாப்பாட்டு மேசையில் எல்லாத் தாளையும் பரப்பி வைத்திருந்தார் அண்ணி: பாஸ்போர்ட்டுகள், பிஜிச் சான்று, படகுப் பதிவு, ஆட்பட்டியல், அடிப்பாக உறை, மருந்துப் பட்டியல், மதுப் பட்டியல். சுங்க அதிகாரி உட்கார்ந்ததும் பேனா எடுத்தார். எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் பயணி அறிவிப்பைத் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கேப்டன் படகுக்கான அறிவிப்பில் கையெழுத்திடுவார்.

மது: 17 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் 4.5 லிட்டர் ஒயின் அல்லது பீர், அதோடு 1125 மில்லிக்கு மேற்படாத மூன்று புட்டி கடுமது. சிகரெட் 50 மட்டும். அதற்கு மேல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வரி கட்டச் சொல்வார்கள், அல்லது ஒரு பெட்டியில் போட்டு முத்திரை வைப்பார்கள். 10,000 நியூசிலாந்து டாலருக்கு ஈடான ரொக்கமோ அதற்கு மேலோ இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். துப்பாக்கி இருந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காவல்துறை அனுமதி வேண்டும்.

மருந்துப் பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நடுக்கடலுக்கென்று வைத்திருக்கும் கடுமையான வலி நிவாரணிகளில் சில அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சொந்த மருந்து 3 மாதத்துக்கு, கட்டுப்படுத்தப்பட்டவை என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும், மருத்துவர் சீட்டோடு. நாங்கள் பெயர், அளவு, காலாவதித் தேதி எழுதி ஒரு தாள் வைத்திருந்தோம்.

உயிர்ப்பாதுகாப்பு அதிகாரி குனிந்து அலமாரி அலமாரியாகப் பார்த்தார். குச்சியில் கட்டிய கேமராவைத் தண்ணீருக்குள் விட்டு அடிப்பாகத்தைச் சுற்றி வந்தார். திரையில் சுக்கான் சந்து தெரிந்தபோது தம்பி மூச்சை அடக்கிக்கொண்டான். சுத்தம். ஒரு பெரிய பையில் பச்சைப்பயறும் குப்பையும் அரை இஞ்சியும் போயின. இஞ்சியை நாங்கள் மறந்தே போயிருந்தோம். நல்லவேளை, 'பச்சைக் காய்கறி: இருக்கலாம்' என்று அண்ணி எழுதியிருந்தார்.

படகுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு

வெளிநாட்டுப் படகு நிரந்தரமாக உள்ளே வந்தால் அதன் மதிப்பில் 15% ஜிஎஸ்டி கட்ட வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத் தற்காலிக இறக்குமதிச் சான்று தருவார்கள். 24 மாதம் வரை கிடைக்கும். மேடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தத் தாளின் நகலை எப்போதும் கையில் வையுங்கள். பழுது பார்க்கும் பட்டறைகளில் அதைக் காட்டினால் படகு வேலைக்கான பில்லில் ஜிஎஸ்டியைத் தவிர்க்க வழி உண்டு. பெரிய வேலை என்றால் அது சின்னத் தொகை இல்லை. நியூசிலாந்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. படகை அங்கேயே விற்றால் வரி எழுந்து வரும்.

இங்கே ஒரு வேடிக்கை. படகுக்கு 24 மாதம், அண்ணனுக்கு 3 மாதம். புயல் காலம் முடிய 6 மாதம். ஆகவே அவர் தங்கும் அனுமதியை நீட்டிக்க முதல் மாதமே விண்ணப்பித்துவிட்டார். படகைப் பூட்டிவிட்டு விமானத்தில் ஊருக்குப் போவதாக இருந்தால் சுங்கத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எல்லாம் முடிந்ததும் மஞ்சள் கொடி இறங்கும், நியூசிலாந்துக் கொடி ஏறும். உடனே நங்கூரத்தோடு விரிகுடாவுக்குள் பாய்ந்துவிடாதீர்கள். கவுலெர்ப்பா என்ற அந்நியக் கடற்பாசி 2021-இல் கிரேட் பேரியர் தீவிலும் 2023-இல் இந்த விரிகுடாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவிய சில பகுதிகளில் நங்கூரம் போடவும் மீன் பிடிக்கவும் தடை போட்டிருக்கிறார்கள். எல்லைகள் மாறும். மேடையில் இருக்கும்போதே அன்றைய வரைபடத்தை அதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள் கொடியை அண்ணி மடித்து, வரைபட மேசையின் இழுப்பறையில், தற்காலிகச் சான்றுக்கு மேலேயே வைத்தார். மே மாதம் பிஜிக்குத் திரும்பும்போது முதலில் எடுக்க வேண்டியது அதுதான். அதற்கு முன் இங்கே வெளியேறும் சான்று வாங்க வேண்டும். அங்கேயும் முன்னறிவிப்புப் படிவம் உண்டு.